நூற்று நாற்பதுக்குக் கீழே

தபாற்காரர் செல்வரட்ணத்துக்குச் சலரோகம் இல்லை என்று நிறுவுவதற்கு எங்கள் வைத்தியசாலைக்கு மூன்றரை மாதம் பிடித்தது. தனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நெஞ்சு இறுக்குகிறது என்றுதான் சொன்னார்.

வைத்தியசாலையின் பெயரை எழுதப் போவதில்லை. வலிகாமத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு மதில் இருக்கிறது, மதில் நிறைய விதிமுறைகள் ஒட்டியிருக்கின்றன. அவ்வளவு தெரிந்தால் போதும்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வைகாசியில் மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பிடித்துவிட்டிருந்தது. செல்வரட்ணத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சுக்கு நடுவில் யாரோ கயிறு போட்டு இழுப்பதுபோல இருக்கும். இழுப்பு இடது தோளுக்குப் போய், முழங்கை வரை இறங்கும். இறங்கி நின்றால் விட்டுவிடும். காற்று முதுகுப் பக்கம் இருந்தால் வராது. ஆகவே கிழக்குப் பக்கத்துக் கடிதங்களைச் சைக்கிளில் போய்க் கொடுத்தார், மேற்குப் பக்கத்துக் கடிதங்களைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார். மேற்குப் பக்கத்துச் சனம் தபாற்கந்தோருக்கு முறைப்பாடு எழுதியது. அந்த முறைப்பாட்டையும் அவர்தான் காவிக்கொண்டு போனார்.

அவருடைய தகப்பன் ஐம்பத்து நாலு வயதில், மிளகாய்க் கன்றுக்கு வாய்க்கால் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தவர். அது மனைவி இராசமலருக்கு நன்றாக நினைவிருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்கடை அப்பு போன மாதிரி நீங்களும் போறதெண்டால் சொல்லுங்கோ. நான் இப்பவே வெள்ளைச் சீலை எடுத்து வைக்கிறன்" என்றாள்.

"விசர்க்கதை கதையாதை. வாய்வு."

"வாய்வு கிழக்கை போகேக்கை வராதோ? மேற்கை போகேக்கை மட்டும்தான் வருமோ?"

செல்வரட்ணம் சைக்கிளை எடுத்தார். வைத்தியசாலைக்குப் போனார்.

வெளிநோயாளர் பகுதியில் இருந்த தாதி தேவமலர் மிஸ்ஸி. முப்பது வயது. எவரிடமும் ஒரு கேள்விக்குமேல் கேட்டுவிடுவார் என்ற கெட்ட பெயர் அவருக்கு உண்டு. பிரசர் பார்த்தார், சரியாக இருந்தது. சுருட்டுக் குடிப்பீர்களா என்று கேட்டார், இல்லை என்றார். தகப்பனைப் பற்றிக் கேட்டார். பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணை, உங்களுக்கு இருதயப் படம் ஒண்டு எடுக்க வேணும். கெதியா எடுக்க வேணும்."

"எடுங்கோவன் பிள்ளை."

மிஸ்ஸி மதில் பக்கம் கையைக் காட்டினார்.

விசயம் இதுதான். இருதயப் படம் எடுக்கும் ஈ.சி.ஜி. மெஷின் ஒன்று வைத்தியசாலையில் இருந்தது. அதற்குள் போடுகிற கடதாசி உருளை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம், அடுத்த உருளை கப்பலில் வரும் என்றார்கள். எந்தக் கப்பலில் என்று சொல்லவில்லை. உருளையைப் பாதுகாப்பதற்காக வைத்தியசாலை நலன்புரிச் சங்கம் கூடியது. அதன் செயலாளர் கதிரவேலு மாஸ்ரர், ஓய்வுபெற்ற அதிபர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சோக்கட்டியைப் பூட்டி வைத்துக் கொடுத்தவர். அவர் உருளையை ஒரு தும்புக்கயிற்றால் முழம் போட்டு அளந்தார், இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார், சாவியை ஒரு நூலில் கோத்துப் பூணூல் மாதிரிக் குறுக்கே போட்டுக்கொண்டார். பின்னர் தீர்மானம் நிறைவேறியது: இருதய நோய் பெரும்பாலும் சலரோகக்காரருக்கும் பிரசர்க்காரருக்குமே வருவதால், சலரோகக் கிளினிக் கொப்பியோ பிரசர்க் கிளினிக் கொப்பியோ உடையவர்களுக்கு மட்டுமே படம் எடுக்கப்படும்.

"நெஞ்சு நோவை ஒரு தகுதியாகக் கொள்ள முடியாது" என்று மாஸ்ரர் கூட்டக் குறிப்பில் எழுதியிருந்தார். "அது எவருக்கும் வரக்கூடியது."

செல்வரட்ணத்துக்குப் பிரசர் இல்லை. ஆகவே சலரோகத்தை முயற்சி செய்யும்படி ஆயிற்று.

*

சலரோகக் கிளினிக் செவ்வாய்க்கிழமை. நோயாளிகள் தங்கள் தங்கள் சிறுநீரைப் போத்தலில் கொண்டுவர வேண்டும். எடுபிடி வேலை பார்க்கும் ஓடலி கிறகோரி அதில் எட்டுத் துளியைக் குழாயில் விட்டு, நீல மருந்து சேர்த்து, ஸ்பிரிற் இல்லாதபடியால் மண்ணெண்ணெய் விளக்கில் காய்ச்சுவான். சீனி இல்லாவிட்டால் மருந்து நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. மெத்த இருந்தால் செங்கல் நிறம். கிறகோரி குழாயை வெளிச்சத்தில் பிடித்து, கோயிலில் ஏலம் கூறுகிறவன் குரலில் அறிவிப்பான்.

"லூர்த்தம்மா, செங்கல்! சின்னத்துரை, பச்சை! அடுத்த ஆள்!"

இதற்கென்று ஒரு ஒழுங்கும் வந்துவிட்டது. செங்கல்காரர் முன் வரிசை வாங்கில் இருப்பார்கள். பச்சைக்காரர் இரண்டாம் வாங்கு. போன கிழமை செங்கலாக இருந்து இந்தக் கிழமை பச்சைக்கு இறங்கியவர் எழும்பிப் பின்னால் போவார். அப்போது அவருடைய முகத்தைப் பார்க்க ஏலாது.

"செல்வரட்ணம்..." கிறகோரி குழாயை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தான். "நீலம், அண்ணை."

"அப்படியெண்டால்?"

"உங்களுக்கு இருக்க வாங்கு இல்லை எண்டு அர்த்தம்."

நீலமாக இருந்தாலும் இரத்தத்தில் பார்க்க வேண்டும் என்று தேவமலர் மிஸ்ஸி துண்டு எழுதினார். சலத்தில் சீனி தெரிவதென்றால் இரத்தத்தில் அது தலைக்குமேல் ஏறியிருக்க வேண்டுமாம். அடுத்த கிழமை வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்தார். நூற்று இருபத்தெட்டு வந்தது.

கொப்பி கிடைக்கும் எல்லை நூற்று நாற்பது.

வைத்தியசாலையின் தலைமை டொக்டர் அடைக்கலநாதன் நல்ல மனுசன். இதை எல்லோரும் சொல்வார்கள். லஞ்சம் வாங்குவதில்லை, நோயாளியைத் திட்டுவதில்லை, எண்களோடு ஒருபோதும் சண்டை பிடிப்பதில்லை. ரிப்போட்டைப் பார்த்துவிட்டுக் கைகொடுத்தார்.

"வாழ்த்துக்கள். உமக்குச் சலரோகம் இல்லை."

"ஐயா, நெஞ்சு..."

"நெஞ்சு வேறை பிரிவு. அதுக்குப் போறதுக்குத்தான் இது வழி. இந்த வழி உமக்கு அடைபட்டுப் போச்சுது. சந்தோசமான முறையிலை அடைபட்டிருக்கு."

பக்கத்தில் நின்ற தேவமலர் மிஸ்ஸி வாயைத் திறந்தார். "ஐயா, நூற்று இருபத்தெட்டு எண்டது சும்மா விடுற எண் இல்லை. சலரோகம் எண்டு பேர் வைக்க முதலே கூடிப்போற சீனியும் இருதயத்துக்கு ஆபத்தைக் கூட்டும் எண்டு எழுதுகினம். நூற்று நாற்பதிலை ஒரு கதவு திறந்து ஆபத்து உள்ளுக்கை வாறதில்லை. அது படிப்படியா ஏறுது. இவருக்கு அப்பாவும் நெஞ்சாலைதான் போனவர்."

டொக்டர் பொறுமையாகக் கேட்டார். அவர் எப்போதும் பொறுமையாகத்தான் கேட்பார்.

"மிஸ்ஸி, நீர் வாசிச்சது சரியாயிருக்கும். ஆனால் அதுக்கு எங்கடை பதிவேட்டிலை நிரல் இல்லை. நோய் எண்டால் எண்ணுக்கு மேலை. சுகம் எண்டால் எண்ணுக்குக் கீழை. நடுவிலை ஆக்களை நிக்க விட்டமெண்டால் நாளைக்கு முழு யாழ்ப்பாணமும் நடுவிலை வந்து நிக்கும். அவைக்கு வாங்கு எங்கை? மருந்து எங்கை? கோடு எண்டது நோயாளியைக் காப்பாத்த இல்லை. ஆஸ்பத்திரியைக் காப்பாத்த."

கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டு, அது நன்றாக அமைந்துவிட்டதென்று தனக்குள்ளே தலையாட்டினார்.

செல்வரட்ணத்துக்கு ஒரு பத்திரம் கிடைத்தது. 'சலரோகம் அற்றவர்' என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து வைத்தது. வெறுங்கையோடு போனவர் பத்திரத்தோடு வந்தார் என்பதால் வழியில் கண்டவர்கள் காரியம் ஆகிவிட்டதென்று நினைத்தார்கள்.

*

"பன்ரண்டு குறையுது" என்று இராசமலர் சொன்னாள்.

"எதிலை?"

"நூற்று நாற்பதுக்கு. பன்ரண்டுதானே. சேர்த்துப் போடலாம்."

ஊரில் சீனி கண்டு கனகாலம். சனம் தேத்தண்ணியை வெறுமனே குடித்து, பனங்கட்டித் துண்டை ஒரு ஓரமாகக் கடித்து, மிச்சத்தை மாலைத் தேத்தண்ணிக்குப் பத்திரப்படுத்திய காலம். அந்தக் காலத்தில் இராசமலர் வீடு வீடாகப் போய், தன் மனுசனுக்குச் சலரோகம் வருவதற்குச் சீனி கேட்டாள். காரணம் சொன்னதும் எவரும் மறுக்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு தேக்கரண்டி, இன்னொரு வீட்டில் பிள்ளைப்பேற்றுக்கு வைத்திருந்ததில் அரைச் சிரட்டை. முன்வீட்டு இளைப்பாறிய சங்கக்கடை மனேச்சர், சாமியறையில் ஒளித்து வைத்த ஓலைக் குட்டான் பனங்கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். லூர்த்தம்மா ஆச்சி தான் ஒரு பழைய செங்கல்காரி என்ற உரிமையில் நேரே வந்து புத்தி சொன்னார்.

"தம்பி, பயப்பிடாதை. நான் தொடங்கினது வெறும் பச்சையிலைதான். பலாப்பழம் சாப்பிட்டுப் பார். விடாமல் முயற்சி செய்தால் வரும்."

"எனக்கு விருப்பமில்லை அம்மா. எனக்குப் படம் ஒண்டு எடுத்தால் காணும்."

"அதுக்குத்தானே மோனை சொல்லுறன்."

பிள்ளையார் கோயிலில் நாலு வீட்டுக்காரர் நேர்த்தி வைத்தார்கள். செல்வரட்ணத்துக்கு நல்லபடியாகச் சலரோகம் வந்தால் நூற்றெட்டு மோதகம் செய்வதாக. மோதகத்துக்குள் வைக்கச் சர்க்கரைக்கு எங்கே போவது என்று பிறகு யோசிக்கலாம் என்றார்கள்.

கிறகோரி தேதி பார்த்துச் சொன்னான். அந்தச் செவ்வாய்க்கிழமை விடிய ஐந்து மணிக்கு இராசமலர் சேர்த்த அவ்வளவையும் கரைத்துக் கொடுத்தாள். செல்வரட்ணம் கண்ணை மூடிக் குடித்தார். வெறும் வயிறு என்று பொய் சொல்வது அவருடைய வாழ்க்கையில் முதல் பொய். காதெல்லாம் சிவந்து, வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

ஆனால் இரத்தம் பார்க்கிற மெஷினுக்கு ஜெனரேற்றர் வேண்டும். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய்க்குக் கதிரவேலு மாஸ்ரரின் கையெழுத்து வேண்டும். மாஸ்ரர் ஒரு அந்தியேட்டிச் சடங்குக்குப் போயிருந்தார். இரத்தம் எடுக்கும்போது மணி பதினொன்றே முக்கால். அதற்குள் ஊர் முழுவதும் சேர்த்த சீனி செல்வரட்ணத்தின் உடம்பில் கரைந்து காணாமற் போய்விட்டது.

நூற்று முப்பத்து நாலு.

"அண்ணை, முன்னேற்றம்!" என்று கிறகோரி துள்ளினான். "இன்னும் ஆறுதான்!"

தேவமலர் மிஸ்ஸி விசாரித்து விசயத்தை அறிந்ததும், இராசமலரைப் பிடித்து ஏசினார். "உங்களுக்கு மண்டை பிழைச்சுப் போச்சே அக்கா? இவரின்ரை நெஞ்சுக்கு எது கூடாது எண்டு நான் பயப்பிடுறனோ, அதையே கரைச்சுப் பருக்கியிருக்கிறியள்!"

"அப்ப வேறை என்ன மிஸ்ஸி செய்யச் சொல்லுறியள்?" என்று இராசமலர் கேட்டாள். "வருத்தக்காரனாக்கினால்தானே வருத்தம் பாக்கினம்?"

மிஸ்ஸி அன்றைக்கே ரிப்போட்டை எடுத்துக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போனார். ஆறு எண்தானே ஐயா என்றார். டொக்டர் கவலையோடு சிரித்தார்.

"மிஸ்ஸி, இண்டைக்கு ஆறு எண்டு விட்டால் நாளைக்கு ஏழு எண்டு வருவினம். இவர் தொடர்ந்து முயற்சி செய்யட்டும். ஆளிட்டை ஒரு நேர்மை இருக்கு."

*

ஆவணியில் சலரோக விழிப்பு வாரம் வந்தது. துண்டுப் பிரசுரம், ஊர்வலம், விழா, கண்காட்சி. கதிரவேலு மாஸ்ரர் எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்துவிட்டார், ஒன்றைத் தவிர. நோயாளிகளைக் காட்டினால் போதாது, நோய் இல்லாத ஒருவரையும் சனத்துக்குக் காட்ட வேண்டும் என்று டொக்டர் விரும்பினார். பதிவேடுகளைப் புரட்டினார்கள். வலிகாமத்தில் சலரோகம் இல்லாதவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் பத்திரம் வைத்திருப்பவர் ஒருவர்தான். எட்டுத் தரம் நீலம், இரண்டு தரம் இரத்தம், எல்லாம் முத்திரையோடு.

மாஸ்ரர் தபாற்கந்தோருக்கே வந்து செய்தி சொன்னார். "உமக்குப் பொன்னாடை போர்க்கப் போறம். 'நீலச் செல்வர்' எண்டு பட்டம்."

"மாஸ்ரர், எனக்குப் பட்டம் வேண்டாம். படம்தான்..."

"டொக்டர் மேடையிலை இருப்பார். விழா முடிய மனுவைக் குடும். விசேட அனுமதி பரிசீலிக்கலாம் எண்டு அவரே சொன்னவர்."

அந்த ஒரு சொல்லுக்காகச் செல்வரட்ணம் ஓம் என்றார்.

ஊர்வலம் சந்தியிலிருந்து வைத்தியசாலைக்கு எதிரில் இருக்கும் மண்டபம் வரைக்கும். இரண்டு மைல். மேற்கே. முன்னுக்குச் செல்வரட்ணம் சைக்கிளில் போக வேண்டும். பின்னால் வெள்ளை வேட்டித் துணியில், பெயின்ற் கிடைக்காதபடியால் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்து எழுதிய பதாகை. முதல் மைலிலேயே நெஞ்சில் கயிறு இழுக்கத் தொடங்கிவிட்டது. இறங்கினார்.

"என்ன இறங்கிட்டீர்?"

"உருட்டிக்கொண்டு வாறன் மாஸ்ரர். காத்து..."

"நல்ல கதை! சுகதேகி சைக்கிள் உருட்டினால் சனம் என்ன நினைக்கும்? ஏறும். நிமிர்ந்து மிதியும். கொஞ்சம் சிரியும்."

அவர் மிதித்தார். சிரிக்கவும் பார்த்தார்.

மண்டபத்தில் கண்காட்சிப் பகுதிக்கு நடுவில் இருதயப் பட மெஷின் இருந்தது. ஒலிபெருக்கிக்கென்று வைத்தியசாலை ஜெனரேற்றர் ஓடியபடியால் அதற்கும் கரண்ட் கொடுத்திருந்தார்கள். கதிரவேலு மாஸ்ரர் பெட்டியைத் திறந்து உருளையைத் தன் கையால் எடுத்துப் போட்டார். சனத்துக்கு விளக்கம் காட்ட வேண்டுமே! முதலில் பிரதம விருந்தினருக்குப் படம் எடுத்தார்கள். பிறகு சங்கத் தலைவருக்கு. பிறகு பொருளாளருக்கும் அங்கத்தவர்களுக்கும். ஒரு அங்கத்தவர் தன்னுடையது கட்டையாக இருக்கிறதென்று மனத்தாங்கல் பட்டபடியால் அவருக்கு இன்னொரு தரம் எடுத்தார்கள். எடுத்த படங்களையெல்லாம் தும்புக்கயிற்றில் உடுப்புக் காயப்போடும் கவ்வியால் கொழுவி விட்டார்கள். காற்றுக்கு அவை ஆடின.

மாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "அன்பர்களே, எங்கள் சங்கத்தின் இருதயம் எவ்வளவு ஒழுங்காகத் துடிக்கிறதென்று நீங்களே பாருங்கள்! ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு மேடு, ஒரு பள்ளம். கட்டுப்பாடு! கட்டுப்பாடு இல்லாத இருதயத்துக்கு இந்த நாட்டிலே இடமில்லை!"

கைதட்டினார்கள். செல்வரட்ணத்துக்குப் பொன்னாடை போர்த்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவருடைய முகம் சுண்ணாம்பு மாதிரி வெளிறியிருந்தது, சட்டை முழுக்க வியர்வை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு... நெஞ்சு நோகுது" என்றார்.

உணர்ச்சிவசப்பட்டு விட்டார் என்று சபை இன்னும் பலமாகக் கைதட்டியது. கைதட்டு முடியுமுன்பே விழுந்துவிட்டார். இராசமலர் மேடையில் பாய்ந்து ஏறினாள். அவளுக்குப் பின்னால் தேவமலர் மிஸ்ஸி ஏறி, நாக்குக்குக் கீழே குளிசை ஒன்றை வைத்து, சட்டையைக் கிழித்தார்.

"ஐயா, மெஷின் பக்கத்திலை நிக்குது! கரண்ட் இருக்கு! கம்பியைப் பூட்டட்டே?"

டொக்டர் அடைக்கலநாதன் எழுந்து நின்றார். அவருக்கும் பதற்றம்தான். ஆனால் எண்ணூறு சனம் பார்த்துக்கொண்டிருக்க, தன்னுடைய விதியைத் தானே எப்படி மீறுவது?

"கொப்பி இருக்கோ?" என்று கேட்டார்.

மிஸ்ஸி அவரை ஒரு பார்வை பார்த்தார். அங்கேயே இரத்தம் குத்தி எடுத்து, கிறகோரியிடம் கொடுத்து றோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடவிட்டார். மனுசனைக் கதவுப் பலகையில் வைத்து அவனுக்குப் பின்னால் வாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கால் மணித்தியாலத்தில் கிறகோரி துண்டை உயர்த்திப் பிடித்தபடி திரும்பி ஓடி வந்தான்.

"நூற்று எழுபத்தொண்டு! ஐயா, நூற்று எழுபத்தொண்டு!"

டொக்டரின் முகம் தெளிந்தது. மேடையிலேயே புதுக் கொப்பி ஒன்றைத் திறந்து, செல்வரட்ணத்தின் பெயரை எழுதி, முத்திரை குத்தினார். "பார்த்தீர்களா அன்பர்களே! பொறுமையாக இருந்தால் விதிமுறை ஒருவரையும் கைவிடாது!" சபை மறுபடி கைதட்டியது.

மெஷினை வாட்டுக்குக் கொண்டுபோய், கம்பிகளைப் பூட்டி, மின் ஆளியைப் போட்டார்கள். ஊசி எழும்பியது, விழுந்தது, துடித்தது. கீழே கடதாசி இல்லை. மண்டபத்துக் கயிற்றில் சங்கத்தின் இருதயங்கள் பதினொன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

*

ஆனால் அவர் சாகவில்லை. தேவமலர் மிஸ்ஸி மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் நின்றார். நாலாம் நாள் செல்வரட்ணம் எழும்பியிருந்து கஞ்சி குடித்தார். அன்றைக்கு டொக்டர் வாட்டுச் சுற்ற வந்தார், பின்னால் மாஸ்ரர். புது ரிப்போட்டைக் கையில் எடுத்தார்.

"நூற்று இருபத்தாறு!" டொக்டர் இரண்டாம் தரமும் வாசித்தார். "மாஸ்ரர், இவருக்குச் சலரோகம் மாறிட்டுது!"

"நாலு நாளிலையோ?"

"நாலு நாளிலை. எங்கடை ஆஸ்பத்திரியிலை."

மாஸ்ரர் உடனே குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"ஐயா, அது சலரோகம் இல்லை" என்றார் தேவமலர் மிஸ்ஸி. நித்திரை இல்லாத கண். "நெஞ்சடைப்பு வந்த அதிர்ச்சியிலை சீனி ஏறினது. ஆள் ஆற, சீனியும் இறங்கினது. இவருக்கு வந்தது நெஞ்சடைப்பு."

"நெஞ்சடைப்பு எண்டு எந்தப் படத்திலை இருக்கு?"

"படம் எடுக்கேல்லையே ஐயா."

"அதைத்தான் நானும் சொல்லுறன். ஆதாரம் இல்லாமல் ஒரு ஏழை மனுசனுக்கு இருதய நோய்க்காரன் எண்டு பேர் வைக்கிறது பாவம் மிஸ்ஸி."

கட்டிலில் இருந்து செல்வரட்ணம் மெல்லக் கேட்டார். "ஐயா, சைக்கிள் மிதிக்காத வேலை ஏதும் தரச்சொல்லித் தபாற்கந்தோருக்கு ஒரு கடிதம் தருவியளோ?"

டொக்டர் கொப்பியை வாங்கி, நடுவே சிவப்பால் ஒரு கோடு கிழித்து, 'குணமடைந்தார்' என்று எழுதினார். பிறகு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அவர் நல்ல மனுசன், கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார். கடிதத்தில் இப்படி இருந்தது: 'மேற்படி நபர் சலரோகம் அற்றவர். சகல வேலைக்கும் தகுதியானவர்.'

தபாற்கந்தோரில் கடிதத்தை வாசித்துவிட்டு, இரண்டு கிழமையாகத் தேங்கிக் கிடந்த மேற்குப் பக்கத்துக் கடிதக் கட்டை அவருடைய பையில் போட்டார்கள்.

வேலைக்குத் திரும்பிய பதினோராம் நாள் காலை, புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற ஒழுங்கையில் அவரைக் கண்டார்கள். சைக்கிளைக் கவனமாக வேலியில் சாத்தி, ஒரு மதகில் இருந்திருக்கிறார். இருந்தபடியே சரிந்திருந்தார். மடியில் பை. பைக்குள் இருந்து ஒரு கடிதமும் பறந்து போகவில்லை, வாயைக் கட்டி வைத்திருந்தார்.

செத்தவீட்டுக்குத் தேவமலர் மிஸ்ஸி வந்து, இராசமலருக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். பறைமேளம் தொடங்குகிற நேரம் கதிரவேலு மாஸ்ரர் கிறகோரியோடு வந்தார். கிறகோரியின் கையில் பசை வாளியும் ஒரு கட்டு அஞ்சலி நோட்டீசும். வேலி, மதில், சைக்கிள் கடைக் கதவு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நோட்டீசைச் சுற்றி நீலக் கரை.

மாஸ்ரர் ஒன்றை எடுத்து, கண்ணாடியைச் சரி செய்து, அழுதுகொண்டிருந்த சனத்துக்கு வாசித்துக் காட்டினார். "எமது நலன்புரிச் சங்கத்தின் 'நீலச் செல்வர்', சலரோகத்திலிருந்து பூரண குணமடைந்த முதல் மனிதர், அமரர் செல்வரட்ணம் அவர்கள், இறுதி மூச்சு வரை சலரோகம் அற்றவராகவே வாழ்ந்து..."

இராசமலர் எழும்பினாள். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. உண்மையிலேயே அறிய விரும்புகிறவள் மாதிரிக் கேட்டாள்.

"மாஸ்ரர், அப்ப இவர் என்னத்தாலை செத்தவர்?"

மாஸ்ரர் வாசிப்பதை நிறுத்தினார். நோட்டீசின் மறுபக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு மிகவும் பரிவோடு சொன்னார்:

"அது எங்கடை கிளினிக் இல்லைப் பிள்ளை."